கடலில் நோயாளி, கடற்படைக்குத் தந்தை: கட்சு கைஷூவை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி இதுதான்: "கட்சு கைஷூ ஒரு கடற்போரில்கூடத் தளபதியாக நின்றதில்லை. 1860-ல் பசிபிக்கைக் கடந்தபோது பெரும்பாலான நாள் அறையிலேயே படுத்துக் கிடந்தார். 1868-ல் ஷோகனின் எடோ கோட்டையைச் சண்டையே இல்லாமல் எதிரியிடம் கொடுத்தார். இவரை ஏன் ஜப்பானியக் கடற்படையின் தந்தை என்கிறார்கள்?"

கேள்வியில் சொன்ன மூன்றும் உண்மை. (ஷோகன் என்பவர் பேரரசர் பெயரில் ஜப்பானை ஆண்ட பரம்பரைப் படைத்தலைவர்.) கட்சு சிறந்த மாலுமி இல்லை. அவர் செய்த வேலை வேறு. நாடு முழுக்க இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிற்றரசர்கள் ஆளுக்கொரு படையும் பீரங்கியும் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில், கடற்படை என்பது ஷோகனுடையதும் அல்ல, சிற்றரசருடையதும் அல்ல, நாட்டுக்குப் பொது என்று சொன்னவர் அவர். கப்பலைக் காசு கொடுத்தால் நாளைக்கே வாங்கலாம், அதை ஓட்டும் ஆளை அப்படி வாங்க முடியாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்காகப் பதவியையும் இழந்தார். அவர் வாழ்க்கையை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான் எடோ கோட்டையைக் கொடுத்ததும் புரியும். (தேதிகளை இன்றைய நாட்காட்டிப்படி தருகிறேன். 1872 வரை இருந்த ஜப்பானிய நாட்காட்டியில் இவை சில வாரங்கள் முந்தியதாக இருக்கும்.)

1823-ல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஹொஞ்ஜோ பகுதியில் பிறந்தார். வீட்டில் அழைத்த பெயர் ரின்டாரோ. ஷோகனின் நேரடிப் படையாட்கள் வர்க்கம்தான், ஆனால் அடிமட்டம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 41 கொகு அரிசி. ஒரு கொகு ஏறத்தாழ 150 கிலோ. ஓர் ஆளுக்கு ஓராண்டுச் சாப்பாடு என்பது அன்றைய கணக்கு. கடனும் குடும்பப் பெருக்கமும் சேர்ந்தால் இது கைக்கும் வாய்க்கும் பற்றாது. அப்பா கொகிச்சி வாழ்நாள் முழுக்க எந்த உத்தியோகமும் கிடைக்காமல், வாள் தரகு பார்த்தும் தெருச்சண்டை போட்டும் காலம் தள்ளியவர். அப்பாவின் பிறந்த வீடான ஒடானி குடும்பத்துக்குக்கூடப் பரம்பரைப் பெருமை கிடையாது. கட்சுவின் கொள்ளுத்தாத்தா கண்பார்வை இல்லாதவர். எச்சிகோ மாகாணத்திலிருந்து எடோவுக்குப் பிழைக்க வந்து, வட்டிக்குக் கொடுத்துப் பணம் சேர்த்து, மகனுக்குச் சாமுராய் தகுதியை விலைக்கு வாங்கித் தந்தவர். பிறப்பால் வரும் தகுதியைக் கட்சு கடைசிவரை பெரிதாக மதிக்காததற்கு இந்த வீட்டுக் கதைக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இளமையில் வாட்பயிற்சி, ஜென் தியானம். இருபது வயதைத் தாண்டியதும் டச்சு மொழி. வெளிநாட்டுத் தொடர்பு கிட்டத்தட்ட முழுவதும் அடைக்கப்பட்டிருந்த அந்த நாட்டில், ஐரோப்பியரில் டச்சுக்காரர்கள் மட்டும் நாகசாகியில் வியாபாரம் செய்ய அனுமதிக்கப்பட்டிருந்தார்கள். எனவே மேற்கத்திய பீரங்கி, கப்பல், மருத்துவம் எதைப் படிப்பதென்றாலும் டச்சு தெரிந்தாக வேண்டும்.

அதற்கு அகராதி வேண்டுமே. நாகசாகியில் இருந்த டச்சு வணிகத் தலைவர் டூஃப், உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்களோடு தொகுத்த டச்சு-ஜப்பானிய அகராதி அப்போது கையெழுத்துப் படியாகத்தான் புழங்கியது. மொத்தம் 58 பாகம். விலைக்கு வாங்க வழியில்லை. 1847 இலையுதிர்காலத்தில் ஒரு மருத்துவரிடமிருந்து ஆண்டுக்குப் பத்து ரியோ (அன்றைய தங்க நாணயம்) வாடகைக்கு எடுத்தார். ஓராண்டுக்குள் 58 பாகத்தையும் ஒருமுறையல்ல, இரண்டு முறை கையால் எழுதி முடித்தார். ஒரு படி தனக்கு. மற்றொன்றை விற்று அந்தக் காசில் வாடகையைக் கட்டினார். முடித்த பிறகு அதிலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: கோடையில் கொசுவலை இல்லை, குளிரில் போர்வை இல்லை, மேசையில் சாய்ந்தபடியே தூக்கம், அம்மா நோயில், தங்கைகள் சிறு பிள்ளைகள், திண்ணைப் பலகையை உடைத்துத் தூணைப் பிளந்து சோறு பொங்கினேன் என்று. அவரைப் பற்றிய பல கதைகள் முதுமையில் அவரே சொல்லி வளர்ந்தவை. இந்தக் குறிப்பு அப்படியல்ல, அந்த ஆண்டே எழுதியது.

1850-ல் அகசாகாவில் ஒரு சிறு பள்ளி தொடங்கி டச்சும் போர்க்கலையும் கற்பித்தார். சிற்றரசர்கள் அவரிடம் பீரங்கி வடிவமைக்கச் சொல்லத் தொடங்கினார்கள். வார்ப்புத் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. வடிவமைப்பவருக்கு வார்ப்பவர் ஒரு தொகையைக் "காணிக்கை" என்று கொடுப்பார். அந்தச் செலவை ஈடுகட்டச் செம்பைக் குறைத்துவிடுவார். செம்பு குறைந்தால் குழல் பலம் இழக்கும், வெடிமருந்து அழுத்தத்தில் பிளந்து எதிரிக்கு முன் சொந்தப் பீரங்கியாளையே கொல்லும். கட்சு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, இதற்கும் சேர்த்து நல்ல செம்பு போடு என்றாராம். அவரே பிற்காலத்தில் சொன்னதுதான். ஆனால் இப்படிப்பட்ட பெயர்தான் ஒகுபோ இச்சியோ போன்ற நேர்மையான அதிகாரிகளின் கண்ணில் அவரைப் படவைத்தது.

1853 ஜூலையில் அமெரிக்கத் தளபதி பெரியின் கப்பல்கள் எடோ விரிகுடாவுக்குள் வந்தன. பதில் சொல்லத் தெரியாத ஷோகன் அரசு, முதல்முறையாக எல்லாரிடமும் கருத்துக் கேட்டது. வந்து குவிந்த மனுக்களில் பெரும்பாலானவை "விரட்டுவோம்" அல்லது "காலம் கடத்துவோம்" என்ற அளவோடு நின்றன. கட்சுவின் மனு செயல்திட்டமாக இருந்தது. குலம் பார்க்காமல் திறமையுள்ளவர்களை நியமிக்க வேண்டும். போர்க்கப்பல் கட்ட வேண்டும்; அதற்கான பணத்தை மக்களிடம் வரியாகப் பிடுங்காமல், சீனா, ரஷ்ய எல்லை, கொரியா ஆகிய இடங்களோடு வாணிபம் செய்து அந்த லாபத்திலிருந்து எடுக்க வேண்டும். எடோவைச் சுற்றிப் பீரங்கி மேடைகள், நூலகத்தோடு கூடிய படைப்பள்ளி, உள்நாட்டிலேயே வெடிமருந்து உற்பத்தி. கடற்படைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அந்த வயதிலேயே பதில் வைத்திருந்தார் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1855 இறுதியில் நாகசாகியில் கடற்படைப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. டச்சு மன்னர் அன்பளிப்பாக அனுப்பிய சூம்பிங் என்ற துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல், கன்கோ மாரு என்று பெயர் மாறிப் பயிற்சிக் கப்பலானது. பெல்ஸ் ரைக்கன் தலைமையில் 22 டச்சுக்காரர்கள் ஆசிரியர்கள். 1857-ல் இரண்டாவது குழு 37 பேரோடு வந்தது, தலைவர் கட்டன்டைக். பாடங்கள்: கப்பலோட்டம், பாய் கட்டுதல், நீராவி இயந்திரம், பீரங்கி, கப்பல் கட்டுமானம், கணக்கு. எல்லாம் டச்சு மொழியில். மொழிபெயர்ப்பாளர்களுக்கோ கடல் கலைச்சொற்கள் தெரியாது. மாணவர்களில் பலருக்குக் கணக்கு வராது. டச்சு தெரிந்த கட்சு இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றார். மாணவர்களின் குறை, ஆசிரியர்களின் கோபம், அதிகாரிகளின் கெடுபிடி மூன்றையும் அவர்தான் சமாளித்தார். கணக்கில் அவரும் கெட்டிக்காரர் இல்லை. மற்றவர்கள் படித்து முடித்து எடோ திரும்பியபோது அவர் மட்டும் தங்கி, மூன்று ஆண்டுக்கும் மேல் அங்கேயே இருந்தார்.

இந்தப் பள்ளியின் உண்மையான பலன் மாணவர் பட்டியலில் இருக்கிறது. ஷோகனின் ஆட்களோடு சாகா, சட்சுமா, சோஷூ போன்ற சிற்றரசுகளின் ஆட்களும் ஒரே கூரைக்குக் கீழ் படித்தார்கள். சட்சுமாவின் கவமுரா சுமியோஷி, சாகாவின் நகமுட்டா குரனோசுகே இருவரும் பின்னாளில், 1868-ல் ஷோகன் ஆட்சி போய்ப் பேரரசர் பெயரில் வந்த மெய்ஜி அரசின் கடற்படையைக் கட்டியவர்கள். எனோமோட்டோ டகேயாகி ஷோகன் தரப்பிலேயே கடைசிவரை கப்பலோடு நின்றவர். பகைவர்களாகப் போகிறவர்கள் ஒரே பாடத்தைப் படித்தார்கள்.

இனி, 1860-ல் பசிபிக்கைக் கடந்த கப்பலான கன்ரின் மாரு. 1858-ல் கையெழுத்தான ஜப்பான்-அமெரிக்க வணிக ஒப்பந்தத்தை உறுதிசெய்ய ஒரு தூதுக்குழு அமெரிக்கக் கப்பலான பௌஹாட்டனில் கிளம்பியது. துணைக்கு ஒரு ஜப்பானியக் கப்பலும் போகட்டும் என்று முடிவானது. முதலில் கன்கோ மாருவைத்தான் தயார் செய்தார்கள். பெருங்கடலுக்குத் துடுப்புச்சக்கரத்தைவிடப் பின்புறத் திருகு விசிறி உள்ள கப்பல்தான் தோது என்று கன்ரின் மாருவுக்கு மாறினார்கள். நெதர்லாந்தின் கிண்டர்டைக்கில் கட்டிய மூன்று பாய்மரக் கப்பல், 100 குதிரைத்திறன் இயந்திரம், நீளம் சுமார் 49 மீட்டர். இயந்திரம் துறைமுகத்துக்குள் நுழையவும் வெளியேறவும்தான் பெரிதும் பயன்படும். ஏற்றிக்கொள்ளும் நிலக்கரியை வைத்துப் பசிபிக்கைக் கடக்க முடியாது. நடுக்கடலில் காற்றையும் பாயையும் நம்பித்தான் ஓட வேண்டும்.

1860 பிப்ரவரி 10 அன்று உராகாவிலிருந்து கிளம்பி மார்ச் 17 அன்று சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தது. கப்பலில் 96 ஜப்பானியர். தலைமை அதிகாரி கிமுரா, கப்பல் தலைவர் கட்சு, மொழிபெயர்ப்பாளர் மஞ்சிரோ, கிமுராவின் பணியாளாகத் தொற்றிக்கொண்டு வந்த இளைஞர் ஃபுகுசாவா யுகிச்சி. கூடவே 11 அமெரிக்கர். யோகோஹாமாவில் தங்கள் அளவைக் கப்பல் சேதமாகி ஊர் திரும்பக் காத்திருந்த லெப்டினன்ட் ஜான் புரூக்கும் அவருடைய பத்து மாலுமிகளும்தான் அவர்கள்.

பல ஆண்டுகள் ஜப்பானில் சொல்லப்பட்ட கதை, "அந்நிய உதவி இல்லாமல் நம்மவர்களே கடந்தார்கள்" என்பது. 1960 வாக்கில் புரூக்கின் நாட்குறிப்பு வெளியானதும் அந்தக் கதை நிற்கவில்லை. கிளம்பிய சில நாளிலேயே புயல். முதல் நாளிலிருந்தே காய்ச்சலோடு ஏறிய கட்சு, கடல் நோயும் சேர்ந்து படுத்துவிட்டார். கிமுராவும் எழவில்லை. கப்பலைப் பெரும்பகுதி நேரம் புரூக்கும் அவர் ஆட்களும் மஞ்சிரோவும் ஓட்டினார்கள்.

ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஆட்கள் கோழைகள் என்பதால் அல்ல, அமைப்பு இல்லாததால்தான். பெருங்கடலில் போகும் கப்பலில் ஆட்களைக் குழுவாகப் பிரித்து, சில மணி நேரத்துக்கு ஒரு குழு என்று இரவும் பகலும் முறைக்காவல் வைக்க வேண்டும். கன்ரின் மாருவில் அந்த முறையே இல்லை. கரையோரப் பயிற்சியில் இருட்டுவதற்குள் நங்கூரம் போட்டுப் பழகியவர்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. பாய்க் கட்டளைகள் நாகசாகியில் கற்ற டச்சுச் சொற்கள். மாலுமிகளில் பெரும்பாலோர் உள்கடலில் இருக்கும் ஷிவாகு தீவுகளின் ஆட்கள். சரக்குத் தோணியில் கைதேர்ந்தவர்கள், ஆனால் ஆடும் மரத்தின் உச்சியில் ஏறிப் புயலில் பாயைச் சுருக்கிப் பழகாதவர்கள். அதிகாரிகளோ திறமையை விடக் குலத்தைப் பார்த்து அமர்த்தப்பட்டவர்கள். தாழ்ந்த குலத்து மஞ்சிரோ அமெரிக்கத் திமிங்கல வேட்டைக் கப்பல்களில் பல ஆண்டு ஓடியவர் என்றாலும் அவர் சொன்னால் கேட்க மாட்டார்கள். ஜப்பானியக் கடற்படையில் எதைச் சீர்திருத்த வேண்டும் என்று கப்பலில் தெரிந்த ஒரே ஆள் மஞ்சிரோ என்றே புரூக் எழுதி வைத்தார். அதே நாட்குறிப்பு, ஜப்பானிய அதிகாரி ஒனோ டோமொகொரோவின் வானியல் கணக்கை மனமாரப் பாராட்டவும் செய்கிறது. சூரியனையும் நட்சத்திரத்தையும் அளந்து கப்பல் இருக்கும் இடத்தைக் கணிப்பதில் அவர் தேறியவர். வழி நெடுக புரூக் கற்பித்ததால், மறுபயணத்தில் ஐந்து அமெரிக்க மாலுமிகளை மட்டும் கூலிக்கு வைத்துக்கொண்டு ஹொனலுலு வழியாக ஜூன் 23 அன்று உராகா திரும்பினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் நோயில் இறந்த மூன்று மாலுமிகளின் கல்லறைகள் அருகிலுள்ள கோல்மாவில் இன்றும் இருக்கின்றன.

கட்சு இந்தப் பயணத்தில் நல்ல கப்பல் தலைவராக நடந்துகொள்ளவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. தனக்குத் தரப்பட்ட தகுதியும் சம்பளமும் குறைவு என்ற கோபம் அவருக்கு. நடுக்கடலில் "படகை இறக்குங்கள், நான் ஊருக்குப் போகிறேன்" என்று சத்தம் போட்டதாகக் கிமுரா நினைவுகூர்கிறார். ஆனால் அவர் கரையில் பார்த்தது வீண்போகவில்லை. திரும்பி வந்ததும் மூத்த அமைச்சர் ஒருவர், அங்கே என்ன வித்தியாசம் கண்டாய் என்று கேட்க, "அந்த நாட்டில் மேலே இருப்பவர்கள் அந்தப் பதவிக்கேற்ற அறிவோடு இருக்கிறார்கள், அதுதான் நம் நாட்டுக்கு நேர் எதிர்" என்றாராம். அவர் கடற்படையிலிருந்து சில காலம் ஒதுக்கப்பட்டது என்னவோ உண்மை.

1862-ல் போர்க்கப்பல் துறையின் துணைத் தலைவராகத் திரும்ப அழைத்தார்கள். அதே ஆண்டு, ஷோகன் முன்னிலையில் ஒரு மாபெரும் திட்டம் விவாதத்துக்கு வந்தது: நாட்டின் கடற்கரையைப் பல பிரிவாகப் பிரித்து 370-க்கும் மேற்பட்ட கப்பல்கள், 61,205 ஆட்கள். இதை நிறைவேற்ற எத்தனை ஆண்டு ஆகும் என்று கேட்டபோது, கட்சு "ஐந்நூறு ஆண்டு" என்றார். பலரும் முகம் சுளித்தார்கள். அவர் வாதம் இது: பிரிட்டன் இன்றுள்ள நிலைக்கு வர முந்நூறு ஆண்டு ஆனது. கப்பல் எண்ணிக்கையைக் காகிதத்தில் எழுதிவிடலாம், ஒவ்வொரு கப்பலுக்கும் தலைவன், வழிகாட்டி, இயந்திரக்காரன் எங்கே? ஷோகன் அரசு மட்டும் தன் பரம்பரை ஆட்களை வைத்துச் செய்வதென்றால் ஆள் தேறாது. சிற்றரசுகளின் பிள்ளைகளையும் சாதாரண ஆட்களையும் சேர்க்க வேண்டும். கன்ரின் மாருவில் அவர் பார்த்த குறை எதுவோ, அதற்கான மருந்து இது.

1863 ஜூனில் நல்ல வாய்ப்பு கிடைத்தது. இளம் ஷோகன் இயெமொச்சி ஒசாகா விரிகுடாவைப் பார்வையிட ஜுன்டோ மாரு கப்பலில் ஏறினார். கட்சு அந்தக் கப்பலிலேயே, கொபேயில் கடற்படைப் பள்ளி அமைக்க நேரடியாக அனுமதி கேட்டார். எடோவின் காகிதச் சுழலுக்குள் போயிருந்தால் ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கும். இங்கே நின்ற இடத்திலேயே ஒப்புதல், ஆண்டுக்கு 3,000 ரியோ நிதி. கொபே அப்போது சிறு மீனவ ஊர். ஆழமான, காற்றிலிருந்து மறைவான துறை. கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் பக்கம். இடத்தேர்வே அவர் கண்ணோட்டத்தைக் காட்டுகிறது.

அரசுப் பள்ளியோடு தன் சொந்தப் பள்ளியையும் அங்கே வைத்தார். அதில்தான் டோசா சிற்றரசை விட்டு ஓடிவந்த சகமோட்டோ ரியோமா போன்றவர்கள் சேர்ந்தார்கள். ரியோமா கட்சுவைக் கொல்ல வந்து, பேச்சைக் கேட்டுச் சீடரானார் என்ற கதை நாடகத்துக்கு நன்றாக இருக்கும். அறிமுகக் கடிதத்தோடு முறையாகச் சந்திக்க வந்தார் என்பதற்குத்தான் ஆதாரம் பலமாக இருக்கிறது. ஜப்பானிலேயே பெரிய மனிதருக்குச் சீடனாகியிருக்கிறேன் என்று அவர் அக்காவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. சட்சுமாவின் இதோ சுகேயுகி, கீ சிற்றரசின் முட்சு முனேமிட்சு ஆகியோரும் கொபேயில் படித்தவர்கள். இந்த இரண்டு பெயரையும் நினைவில் வையுங்கள்.

பள்ளி முழுமையாக இயங்கியது ஓராண்டுகூட இல்லை. 1864 ஜூலையில் கியோட்டோவின் இகெடயா விடுதியில் ஷோகன் எதிர்ப்பாளர்கள் மீது நடந்த தாக்குதலில் இறந்தவர்களில் கொபே மாணவர் ஒருவர் இருந்தார். ஆகஸ்டில் கியோட்டோ அரண்மனை வாயிலில் சோஷூ படையோடு நடந்த மோதலிலும் மாணவர்கள் சிலர் சோஷூ பக்கம் நின்றார்கள். எடோவின் பார்வையில் கொபே, அரசுப் பணத்தில் கலகக்காரர்களை வளர்க்கும் இடமாகிவிட்டது. அந்த ஆண்டு இறுதியில் கட்சு பதவி நீக்கப்பட்டார். 1865-ல் பள்ளி மூடப்பட்டது. எல்லாரையும் சேர்க்க வேண்டும் என்ற கொள்கையின் விலை இது. கதவைத் திறந்து வைத்தால் அரசு விரும்பாதவர்களும் உள்ளே வருவார்கள். ஆனாலும் ரியோமாவையும் தோழர்களையும் நடுத்தெருவில் விடாமல் சட்சுமாவின் பாதுகாப்பில் சேரும்படி செய்தார். அவர்கள் நாகசாகியில் தொடங்கிய கப்பல் வணிகக் குழுதான் பின்னர் சட்சுமாவையும் சோஷூவையும் இணைக்கும் பாலமானது.

பதவி போவதற்குச் சற்று முன், 1864 அக்டோபரில், ஒசாகாவில் சட்சுமாவின் சைகோ டகமோரி அவரைப் பார்க்க வந்தார். ஷோகன் அரசின் அதிகாரியான கட்சு, ஷோகன் அரசைச் சீர்திருத்தும் நம்பிக்கை போய்விட்டது, திறமையுள்ள சிற்றரசர்கள் கூடி நாட்டை நடத்தட்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். சைகோ வியந்துபோய் நண்பருக்குக் கடிதம் எழுதினார். நான்கு ஆண்டு கழித்து எடோவைக் காப்பாற்றியது இந்தச் சந்திப்பில் விளைந்த நம்பிக்கை.

1868 ஜனவரி இறுதியில் தோபா-ஃபுஷிமி போரில் சட்சுமா, சோஷூ படைகளிடம் தோற்ற கடைசி ஷோகன் யோஷினோபு, தன் படையை ஒசாகாவிலேயே விட்டுவிட்டுக் கப்பலில் எடோவுக்கு ஓடி வந்தார். பேரரசர் பெயரில் புதுப்படை எடோவை நோக்கி வந்தது. தாக்குதல் நாள் ஏப்ரல் 7. எடோவில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர், மரவீடுகள். ஒரு மூலையில் தீப்பிடித்தாலே பாதி நகரம் போகும்.

பேச்சுவார்த்தையை மட்டும் நம்பிக் கட்சு உட்காரவில்லை. முதலில் ஷோகன் தரப்பின் யமவோகா டெஷ்ஷூ எதிரிப் படைக்குள் புகுந்து, அந்தப் படையை நடத்தி வந்து சும்பு நகரில் இருந்த சைகோவைப் பார்த்து நிபந்தனைகளை வாங்கி வந்தார். இன்னொரு பக்கம், பேச்சு முறிந்தால் நகரத்தைத் தானே கொளுத்தி முன்னேறும் படையைத் தடுக்க, தீயணைப்புக் குழுத் தலைவன் ஷின்மொன் டட்சுகொரோ போன்ற தெருத்தலைவர்களைத் தயார் செய்தார்; மக்களை ஏற்றிப் போக விரிகுடாவின் மீனவர்களிடம் படகுகளுக்கும் ஏற்பாடு செய்தார். பணிந்துவிட்ட ஒருவரை ஏன் தாக்குகிறீர்கள் என்று பிரிட்டிஷ் தூதர் பார்க்ஸ் காட்டிய எதிர்ப்பும் சைகோ மீது அழுத்தமாக விழுந்தது. ஏப்ரல் 5, 6 இரண்டு நாளும் சட்சுமா மாளிகையில் கட்சுவும் சைகோவும் பேசினார்கள். தாக்குதல் நின்றது. யோஷினோபு மிட்டோவுக்கு ஒதுங்குவது, கோட்டையையும் ஆயுதங்களையும் ஒப்படைப்பது என்று முடிவாகி, மே 3 அன்று கோட்டை கை மாறியது.

போர்க்கப்பல்களையும் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனோமோட்டோ மறுத்துக் கப்பல்களோடு டடேயாமாவுக்குப் போய்விட்டார். கட்சு நேரில் போய் அழைத்து வந்து, ஃபுஜியாமா, சோயோ, ஷோகாகு, கன்கோ ஆகிய நான்கை மட்டும் ஒப்படைக்கச் செய்தார். 26 பீரங்கியுள்ள கையோ மாரு எனோமோட்டோவிடமே இருந்தது. அக்டோபரில் அவர் எட்டுக் கப்பலோடு வடக்கே ஓடினார். கையோ மாரு அந்தக் குளிர்காலத்திலேயே ஹொக்கைடோவின் எசாஷி கரையில் புயலில் மூழ்கியது. எட்டில் ஒன்றான கன்ரின் மாரு வழிதவறி ஷிமிசு துறையில் பிடிபட்டது; கப்பலில் இருந்தவர்கள் வெட்டப்பட்டார்கள். அந்தக் கப்பலும் 1871-ல் ஹொக்கைடோ கரையில் தரைதட்டி அழிந்தது.

மெய்ஜி அரசில் அவர் 1872-ல் கடற்படைத் துணை அமைச்சர், 1873 முதல் 1875 வரை அமைச்சர். இங்கே மிகைப்படுத்த வேண்டாம். அன்றாட நிர்வாகம் கவமுரா போன்ற சட்சுமாக்காரர்களின் கையில் இருந்தது. 1874 தைவான் படையெடுப்பைக் கட்சு எதிர்த்தும் அது நடந்தது. அவர் காலத்தில்தான் ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் தலைமையில் பிரிட்டிஷ் பயிற்சிக் குழு 34 பேரோடு சுகிஜி கடற்படைப் பள்ளிக்கு வந்து, அதிகாரிப் பயிற்சி ஒரே முறைக்குக் கட்டுப்பட்டது. இன்னொன்றும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கப்பல் பழுதுபார்க்கவும் கட்டவும் தளம் இல்லாவிட்டால் பயிற்சி பெற்ற ஆள் மட்டும் என்ன செய்வான்? அந்தத் தளத்தை, யோகோசுகாவில் பிரெஞ்சுப் பொறியாளர் வெர்னியை வைத்து 24 லட்சம் டாலர் திட்டமாகத் தொடங்கியவர் கட்சுவின் அரசியல் எதிரியான ஒகுரி டாடாமாசா. 1868-ல் புதுப்படை அவர் தலையைக் கொய்தது. தந்தை என்று ஒருவரைச் சொன்னால் ஒகுரியையும் பக்கத்தில் நிறுத்தித்தான் சொல்ல வேண்டும்.

1894-ல் சீனாவோடு போர் மூண்டபோது ஜப்பானே கொண்டாடியது. 71 வயது கட்சு அதைக் காரணமில்லாத போர் என்று கவிதை எழுதிக் கண்டித்தார். சீனாவும் கொரியாவும் ஜப்பானும் சேர்ந்து மேற்கை எதிர்கொள்ள வேண்டும் என்பது அவருடைய பழைய நிலைப்பாடு. அந்தப் போரை நடத்திய வெளியுறவு அமைச்சர் முட்சு முனேமிட்சு. கூட்டுக் கடற்படைத் தளபதி இதோ சுகேயுகி. இருவரும் கொபே மாணவர்கள். தோற்ற சீனத் தளபதி டிங் ருச்சாங் 1895 பிப்ரவரியில் தற்கொலை செய்துகொண்டார். முன்பு ஜப்பான் வந்தபோது அவரோடு பழகியிருந்த கட்சு, வெற்றிக் கூச்சலுக்கு நடுவே அவருக்கு இரங்கற்பா எழுதினார்.

கோட்டையைக் கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன். கேள்வியில் இருக்கும் குற்றச்சாட்டு புதிதல்ல. கன்ரின் மாருவில் உடன் வந்த ஃபுகுசாவாவே 1891-ல் ஒரு கட்டுரையில் வைத்தார்: தோற்றாலும் நின்று போராடியிருந்தால், ஷோகன்களான டோகுகாவா குடும்பத்தின் பூர்வீகமான மிகாவாவின் வீரர்குடிக்கு மரியாதை தங்கியிருக்கும், சண்டையின்றிக் கொடுத்ததோடு புது அரசில் பதவியும் பெற்றது தகுமா? வெளியிடுவதற்கு முன் கட்சுவுக்கே அனுப்பிக் கருத்துக் கேட்டார். வந்த பதில் சில வரிதான்: செய்தது என் பொறுப்பு, புகழ்வதும் இகழ்வதும் மற்றவர் வேலை, யாருக்கு வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளுங்கள்.

ஃபுகுசாவாவின் கேள்வியில் பாதி நியாயம் இருப்பதாக நினைக்கிறேன். பதவியும் 1887-ல் கவுன்ட் பட்டமும் பெற்றவர் அவர். ஆனால் புது அரசுக்குள் இருந்துகொண்டு அவர் என்ன செய்தார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிழைப்பிழந்த டோகுகாவா சாமுராய் குடும்பங்களுக்கு முப்பது ஆண்டு பணமும் வேலையும் தேடித் தந்தார். ஷிசுவோகாவில் மகினோஹாரா மேட்டுநிலத்தைத் தேயிலைத் தோட்டமாக்கியவர்கள் அப்படிப்பட்ட பழைய படையாட்கள். அரசை எதிர்த்து 1877-ல் மடிந்த சைகோவுக்கு, அவர் இன்னும் துரோகி என்று இருந்த 1879-லேயே சொந்தச் செலவில் நினைவுக்கல் நாட்டினார். யோஷினோபு அரச விரோதி என்ற கறையோடு ஒதுங்கி வாழ்ந்தபோது, அவரைப் பேரரசர் முன் மரியாதையோடு நிறுத்த இடைவிடாமல் முயன்றார். அந்தச் சந்திப்பு 1898 மார்ச் 2 அன்று, முன்பு டோகுகாவாக்களுடையதாக இருந்த அதே எடோ கோட்டைக்குள் நடந்தது. கட்சு 1899 ஜனவரி 19 அன்று இறந்தார்.